மெய்நிகர்த் தொழில்நுட்பமும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இச்சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்று, இன்று ஒரே தொழிலில் ஈடுபட்டிருக்கும் எங்கள் சிலரின் சார்பாக இவ்வுரை நிகழ்த்தப்படுகிறது. ஒரு வடிவியல் நூலை நால்வர் பகிர்ந்து படித்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. சங்கம் முதன்முதலாக வாங்கிய பழைய கணிப்பொறியின் முன், பதிவேட்டில் கையொப்பமிட்டு ஆளுக்கு அரை மணி நேரம் அமர்ந்ததையும் மறக்கவில்லை. அந்த அரை மணி நேரமே எங்களுக்குச் சோறு போடும் தொழிலாயிற்று. எனவே, எங்கள் தொழில் யாது, அதன்கண் உள்ள நன்மை தீமைகள் யாவை, நம் இளைஞர் அதில் ஏன் புகவேண்டும் என்பவற்றை இவ்வரங்கில் எடுத்துரைக்க நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

முன்னோர் காட்டிய வழி

புதிய கருவி ஒன்று நாட்டிற்குள் வரும்போதெல்லாம், "இது நமக்கு எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நம் வரலாறே விடை கூறும். அச்சு இயந்திரம் அக்காலத்தின் புதுமைத் தொழில்நுட்பம். அதனைத் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கையிலெடுத்து, 1893ஆம் ஆண்டில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் அவர்கள் 1907ஆம் ஆண்டில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார்கள். பிறர் நம்மைப் பற்றி எழுதியதை நாம் படித்துக்கொண்டிருந்த காலம் போய், நம்மைப் பற்றி நாமே எழுதும் காலம் அவ்வாறுதான் பிறந்தது. 1913ஆம் ஆண்டில் கடல் கடந்து கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கர் அவர்களும், தாம் பெற்ற கல்வி தம்மோடு நின்றுவிடலாகாது என்றே 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார்கள். எழுத்தும் அச்சும் அன்று எவ்வளவு இன்றியமையாதனவாக இருந்தனவோ, அவ்வளவு இன்றியமையாதது இன்று கணிப்பொறி அறிவு.

இத்தொழில்நுட்பம் யாது?

ஆங்கிலத்தில் வர்ச்சுவல் ரியாலிட்டி எனப்படுவதை மெய்நிகர் மெய்ம்மை என்றும், ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படுவதை மிகை மெய்ம்மை என்றும் தமிழில் வழங்குகிறோம். முன்னதில், கண்ணை மூடி நிற்கும் ஒரு தலைக்கருவியை அணிந்தவுடன் சுற்றியுள்ள அறை மறைந்து, கணிப்பொறி வரைந்த வேறோர் இடம் தோன்றும். தலையை இடப்புறம் திருப்பினால் அவ்விடத்தின் இடப்பக்கம் தெரியும். குனிந்தால் தரை தெரியும். பின்னதில், நம் எதிரே உள்ள மெய்யான உலகம் அப்படியே இருக்க, அதன்மேல் கணிப்பொறி வரைந்த உருவோ எழுத்தோ வந்து அமரும். 2016இல் உலகெங்கும் இளைஞர் கைப்பேசியை ஏந்தித் தெருத்தெருவாக அலைந்த 'போக்கிமான் கோ' விளையாட்டு இப்பின்னதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு.

இதன் வேர் ஆழமானது. நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 63 மில்லிமீட்டர் தொலைவு உண்டு. ஆகவே இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வெவ்வேறாகக் காண்கின்றன. அவ்விரு படங்களையும் மூளை இணைப்பதனால் ஆழம் புலப்படுகிறது. இதனை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர், இரு படங்களைத் தனித்தனிக் கண்களுக்குக் காட்டும் கருவியொன்றினால் மெய்ப்பித்தார். 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்பார், கணிப்பொறி வரையும் கோடுகளைத் தலையில் அணிந்து காணும் கருவியைத் தம் மாணவர்களுடன் உருவாக்கினார். தலையசைவை அளக்கும் அதன் இயந்திரப் பகுதி கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் கருவி ஒருவர் தலையில் தாங்கும் எடைக்குச் சுருங்கிவிட்டது.

மிகை மெய்ம்மை என்னும் சொல் பிறந்த கதை உழைப்பாளிகளாகிய நமக்கு உவப்பானது. போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல், டேவிட் மிசெல் ஆகிய இருவர் 1990களின் தொடக்கத்தில் இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். விமானத்தினுள் செல்லும் எண்ணற்ற கம்பிகளைப் பெரிய பலகைகளின் மீது வரிசைப்படுத்திக் கட்டும் தொழிலாளி, வரைபடத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்க்கவேண்டியிருந்தது. அவ்வரைபடத்தை அவர் கண்ணெதிரே பலகையின் மீதே தோன்றச் செய்தால் என்ன என்னும் எண்ணமே இத்துறையை ஊன்றியது. கையால் வேலை செய்யும் ஒரு தொழிலாளியின் தேவையிலிருந்து எழுந்த துறை இது என்பதை நம் இளைஞர் நெஞ்சில் நிறுத்தவேண்டும்.

எங்கள் அன்றாடப் பணி

எங்கள் பணியை மாயவித்தை எனக் கருதுவோர் உளர். அதில் மாயம் ஏதுமில்லை, கணக்கே உண்டு. தலைக்கருவியின் திரை ஒரு நொடிக்கு 90 முறை புதிய படத்தைக் காட்டுவதாகக் கொள்வோம். அப்படியாயின் ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 11 மில்லி நொடிக்குள் கணித்து வரைந்து முடித்தாகவேண்டும். அதுவும் இரு கண்களுக்கும் தனித்தனியே. தவறினால் என்னாகும்? தலை திரும்பிவிடும், படம் பின்தங்கி வரும். உடல் நகரவில்லை என்று உட்செவி கூறும்போது, நகர்கிறது என்று கண் கூறும். இம்முரண்பாட்டினால் பேருந்துப் பயணத்தில் நேர்வது போன்ற தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். ஆகவே, அழகாக வரைவது எங்கள் கடமையில் பாதியே. குறித்த நேரத்திற்குள் வரைவது மறுபாதி. எந்த உருவில் எத்தனை முக்கோணங்களைக் குறைக்கலாம், எந்த நிழலை முன்கூட்டியே கணித்து வைக்கலாம் என்று ஆராய்வதிலேயே எங்கள் நாட்கள் பல கழிகின்றன.

தலை எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதைக் கணிக்கக் குவாட்டர்னியன் என்னும் எண்முறையைக் கையாளுகிறோம். அதனை 1843இல் டப்ளின் நகரில் ஹாமில்டன் என்னும் கணித மேதை கண்டறிந்தார். வழியில் உதித்த அச்சமன்பாட்டை அவர் அங்கிருந்த பாலத்துக் கல்லிலேயே கீறி வைத்தாராம். "சைன், காஸ் எல்லாம் வாழ்க்கையில் எதற்குப் பயன்படப்போகின்றன?" என்று மாலை வகுப்பில் நாங்கள் ஆசிரியரைக் கேட்டதுண்டு. ஐயா அவர்கள் இவ்வவையிலே வீற்றிருக்கிறார்கள். நாங்கள் நாள்தோறும் அவற்றைக் கொண்டே பிழைக்கிறோம் என்பதை அவர்கள்முன் இன்று பணிவுடன் ஒப்புக்கொள்கிறோம்.

கருவிகளைப் பொறுத்தவரை யூனிட்டி, அன்ரியல் என்னும் இரு மென்பொருள்கள் இத்துறையில் பெருவழக்கு. முன்னதற்குச் சி ஷார்ப், பின்னதற்குச் சி பிளஸ் பிளஸ் என்னும் நிரல்மொழிகள் வேண்டும். உருவங்களைச் செதுக்கப் பிளெண்டர் என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது.

ஒரு கை கற்பித்த பாடம்

இனி, எங்கள் வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கூற விழைகிறோம்.

உலோகத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் விபத்தின்றி வேலை செய்வதைக் கற்பிக்க, ஒரு தொழிற்கூடத்திற்காக மெய்நிகர்ப் பயிற்சி ஒன்றை உருவாக்கினோம். தலைக்கருவியிலுள்ள கேமராக்கள் பயிற்சி பெறுபவரின் கைகளைக் கண்டுகொண்டு, அவற்றையே மெய்நிகர் உலகிலும் காட்டும். அலுவலகத்தில் எங்களுள் பலர் அணிந்து பார்த்தோம், குறையொன்றும் காணவில்லை. பின்னர்த் தொழிற்கூடத்திற்குச் சென்றோம். முதலில் வந்தவர் முப்பதாண்டுகள் அவ்வியந்திரத்தில் உழைத்த பெரியவர். அவர் வலக்கையில் இரு விரல்களின் நுனிகள் இல்லை. அவை அதே இயந்திரத்திற்கு இரையானவை. உள்ளங்கையில் கிரீஸ் கறை கறுத்துப் படிந்திருந்தது. அவர் கருவியை அணிந்து கையை நீட்டினார். கை தோன்றியது, மறைந்தது, மீண்டும் தோன்றித் திரிந்து மறைந்தது. பலமுறை முயன்றபின் அவர் கருவியைக் கழற்றி எங்களிடம் தந்து, "தம்பிகளா, இந்தப் பெட்டிக்கும் என் கை வேண்டாம்போல இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

பிழை எங்கே? ஐந்து விரல்களும் குறைவின்றி உள்ள, தூய்மையான, நல்ல வெளிச்சத்தில் நீட்டப்பட்ட கைகளையே மிகுதியாகக் கண்டு பழகிய நிரல் அது. எவர் விபத்திற்கு ஆளானாரோ, எவருக்காக அப்பயிற்சி உண்டாக்கப்பட்டதோ, அவர் கையை அது அறியவில்லை. அவர் ஒருவர் பொருட்டுக் காலம் தாழ்த்தலாமா என்று மேலிடத்தில் வினவினார்கள். அவ்வொருவர் பொருட்டே இப்பயிற்சி என்று நாங்கள் வாதிட்டோம். இறுதியில், கையால் பிடித்துக்கொள்ளும் இயக்கியைக் கொண்டும் பயிற்சியை முடிக்க வழி செய்தோம். விரல் நுனியை நம்பாமல் மணிக்கட்டின் அசைவைக் கொண்டே பொத்தான்கள் இயங்குமாறு மாற்றினோம். வேலை மூன்று வாரம் தாமதமாயிற்று. மறுமுறை அப்பெரியவரே முதலில் அணிந்து பயிற்சியை முடித்தார்.

இது எங்கள் ஒருவரின் அனுபவம் மட்டுமன்று. 2018இல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு கறுப்பினப் பெண் அறிஞர்கள், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா எனக் கூறும் மூன்று வணிக மென்பொருள்களை ஆராய்ந்தனர். வெளிர்நிற ஆண்களிடத்துப் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடத்தோ அது 34.7 விழுக்காடு வரை சென்றது. எவர் படங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அவர்களையே இயந்திரம் நன்கு அறிகிறது. உருவாக்கும் அறையில் நாம் இல்லையெனின், உருவாகும் உலகிலும் நாம் இருக்கமாட்டோம். நம் இளைஞர் இத்துறைக்கு வரவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

நாங்கள் மறுத்த ஒரு வேலை

மற்றுமொன்று உண்டு. பாதாளச் சாக்கடையில் இறங்கும் தொழிலாளர்க்கு மெய்நிகர்ப் பயிற்சி ஒன்று செய்து தருமாறு ஓர் ஒப்பந்தக்காரர் எங்களை அணுகினார். எங்களுள் ஒருவரின் சிறிய தந்தையார் அவ்வாறு இறங்கி மீளாதவர். அன்றிரவு எங்களிடையே நீண்ட வாதம் நிகழ்ந்தது. "நாம் செய்யாவிட்டால் பயிற்சி ஏதுமின்றியே இறக்குவார்கள், உயிர் போகும்" என்றார் ஒருவர். "நாம் செய்தால், பயிற்சி கொடுத்துவிட்டோம் என்று கூறியே இறக்குவார்கள்" என்றார் மற்றொருவர். இரண்டும் உண்மையே.

கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆட்களை இறக்குவதையும் குற்றமாக்கியுள்ளது. சாக்கடையில் மாண்டோர் குடும்பத்திற்கு வழங்கவேண்டிய இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்ச ரூபாயாக உயர்த்தி, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தனைக்குப் பின்னும் மரணங்கள் தொடர்கின்றன. அங்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு, செறிவு மிகுந்தவுடன் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். ஆபத்தை மூக்கு அறிவிக்காது. எங்கள் தலைக்கருவியோ கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே உரியது. அதில் அந்த வாயுவும் இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. கொல்லும் இடத்தைக் கொல்லாத இடம்போலக் காட்டிப் பழக்குவது பயிற்சியாகாது என்று முடிவு செய்தோம்.

அதற்கு மாறாக, மேலே நின்று இயந்திரத்தை இயக்குபவர்க்குப் பயிற்சி செய்து தருகிறோம் என்றோம். 2018இல் கேரளத்து இளம் பொறியாளர்கள் 'பாண்டிகூட்' என்னும் இயந்திரத்தை உருவாக்கித் திருவனந்தபுரத்தில் பணிக்கு விட்டதை எடுத்துக்காட்டினோம். இயந்திரம் குழிக்குள் இறங்கும். அதன் கேமரா காட்டுவதை மேலே திரையில் கண்டு மனிதர் இயக்குவார். கண் மட்டும் கீழே செல்லும். உயிர் மேலேயே நிற்கும். எங்கள் தொழில்நுட்பம் நம் மக்களுக்குச் செய்யக்கூடிய தலையாய தொண்டு இதுவே என்று கருதுகிறோம். ஒப்பந்தக்காரர் இதனை ஏற்கவில்லை. அவ்வேலை எங்களை விட்டுப் போயிற்று. அம்மாதம் எங்களுக்குப் பொருள் நெருக்கடி இருந்ததை மறைக்கவில்லை. ஆயினும் அம்முடிவுக்காக நாங்கள் வருந்தியதில்லை.

இளைஞர் அறியவேண்டுவன

இத்தொழிலின் நிலையாமையையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. 2014இல் அட்டைப்பெட்டியாலான கார்ட்போர்டு கருவியைக் கூகுள் அளித்தது. 2021இல் அதன் விற்பனையை நிறுத்தியது. மைக்ரோசாப்ட் 2016இல் வெளியிட்ட ஹோலோலென்ஸ் வரிசையின் உற்பத்தி 2024இல் நின்றுபோயிற்று. அதே 2024இல் ஆப்பிள் நிறுவனம் 3,499 டாலர் விலையில் தன் கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கருவியை மட்டுமே கற்றவர் அது மறையும்போது வேலையிழப்பார். கணிதத்தையும் நிரல் எழுதும் முறையையும் ஐயமறக் கற்றவர், கருவி மாறினும் தாம் மாறாது நிற்பார்.

இத்துறையில் சாதி இல்லை என்று கூறவும் எங்களால் இயலாது. கணிப்பொறி அறைக்குள்ளும் ஊர்ப்பெயரையும் குலத்தையும் துருவிக் கேட்போர் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம், 2023 பிப்ரவரியில், பாகுபாட்டைத் தடுக்கும் தன் சட்டத்தில் சாதியையும் சேர்த்தது; அவ்வாறு செய்த முதல் அமெரிக்க நகரம் அதுவே. மென்பொருள் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரத்திற்கு அச்சட்டம் ஏன் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். தனித்திருந்து இதனைத் தாங்குவது கடினம். ஆகையால், இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இளைஞர்களே, உங்களுக்கு நாங்கள் கூற விழைவன இவை. தலைக்கருவி இல்லையே என்று காத்திராதீர்கள். சாதாரணக் கணிப்பொறியிலேயே முப்பரிமாண நிரலாக்கத்தைத் தொடங்கலாம். மிகை மெய்ம்மைக்குத் தகுந்த கைப்பேசி ஒன்றே போதும். திரிகோணம், வெக்டர், மேட்ரிக்ஸ் ஆகிய பாடங்களைத் தேர்வுக்காக மட்டும் படியாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விளக்கங்களை அகராதியின் துணையோடு படிக்கப் பழகுங்கள். மூன்று மாதத்தில் வேலை உறுதி எனக் கூறிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சிக் கூடங்களில் தாயாரின் நகையை அடகு வைத்துச் சேராதீர்கள். நீங்களே செய்து முடித்த ஒரு சிறு படைப்பு, பல சான்றிதழ்களைவிட உரக்கப் பேசும். பெண் பிள்ளைகளைப் பெற்றோர்க்கும் ஒரு சொல்: எங்கள் குழுவில் நேரக் கணிப்புப் பிழைகளைக் கண்டுபிடிப்பதில் முதலாமவர் நம் தெருவில் வளர்ந்த பெண்ணே. அவரைப் பத்தாம் வகுப்போடு நிறுத்த எண்ணிய வீட்டாரிடம் இச்சங்கத்துப் பெரியோர் சென்று பேசியிராவிட்டால், அவ்வறிவு அடுப்படியிலேயே அடங்கியிருக்கும்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வீட்டிற்கொன்று வாங்க நம்மால் இயலாது. நூலகத்திற்கு ஒன்று வாங்க இயலும். ஒரு தலைக்கருவியும், அதனை இயக்கவல்ல ஒரு கணிப்பொறியும் சங்க நூலகத்தில் இருக்கட்டும். முற்காலத்தைப் போலவே பதிவேட்டில் கையொப்பமிட்டு, ஆளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். அதற்கான செலவில் எங்களால் இயன்ற பங்கை ஏற்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுள் ஒருவர் வந்து கற்பிப்பதாக இவ்வவையின் முன் உறுதி கூறுகிறோம்.

அன்பர்களே, இல்லாத உலகத்தை இருப்பதுபோலக் காட்டுவது எங்கள் தொழில். ஆயினும், கருவியைக் கழற்றியபின் நாங்கள் வாழவேண்டிய உலகம் இதுவே: இத்தெரு, இப்பள்ளி, அந்த மூடப்படாத சாக்கடைக் குழி. அதனை மாற்றுதற்குக் கைவந்த கலையைப் பயன்படுத்தாவிடின், கற்றதனாலாய பயன் யாது? வெள்ளி விழாக் கண்ட நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இம்மேடையில் நின்று பேசப்போகிறவர் இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவராக இருக்கட்டும். அவர் உருவாக்கிய கருவி, அந்தப் பெரியவரின் கையை முதல்முறையே அறிந்துகொள்ளட்டும்.

வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க அதன் தொண்டு!